லெக்ஸஸ்: சத்தமே இல்லாமல் வந்து உட்கார்ந்த கார் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கார் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் யாராவது ஒருவர் லெக்ஸஸைப் பற்றிக் கேட்டுவிடுவார். நூறு வருடப் பெருமை பேசும் பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் இருக்கிற சந்தையில், 1989இல் பிறந்த ஒரு ஜப்பான் பெயர் எப்படி இடம் பிடித்தது என்பதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கிற கேள்வி. திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லெக்ஸஸ் தனி நிறுவனமா?

இல்லை. டொயோட்டாவின் சொகுசுக் கார் பிரிவு. ஆனால் ஷோரூம் வேறு, ஊழியர் வேறு, முத்திரை வேறு. அமெரிக்காவில் லெக்ஸஸ் ஷோரூமுக்குள் நுழைகிறவர் கண்ணில் டொயோட்டா என்ற சொல் படக்கூடாது என்பதில் ஆரம்பத்திலிருந்தே கவனமாக இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பிறந்த வீடான ஜப்பானில் 2005 வரை லெக்ஸஸ் என்ற பெயரே கிடையாது. அதே கார்களை அங்கே டொயோட்டா முத்திரையுடன் செல்சியோர், அரிஸ்டோ, அல்டெஸா, ஹாரியர் என்று வேறு வேறு பெயர்களில் விற்றார்கள்.

கொரோலா போன்ற சின்னக் கார்களை விற்று நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த டொயோட்டாவுக்கு ஏன் இந்த ஆசை?

1983 ஆகஸ்டில் டொயோட்டாவின் சேர்மன் எய்ஜி டொயோடா மூத்த அதிகாரிகளைக் கூட்டி, உலகின் மிகச் சிறந்த கார்களோடு மோதக்கூடிய ஒரு காரை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். லெக்ஸஸ் கதையை எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். கேள்வி அழகானதுதான். ஆனால் அந்தக் கேள்வி எழுந்த நேரத்தையும் பார்க்க வேண்டும்.

1981இல் அமெரிக்க அரசின் நெருக்கடியால் ஜப்பான் தன் கார் ஏற்றுமதிக்குத் தானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டது. எல்லா நிறுவனங்களும் சேர்ந்து வருடத்துக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்பக் கூடாது. எண்ணிக்கைக்குப் பூட்டு விழுந்துவிட்டால் வியாபாரி என்ன செய்வான்? ஒரு காரில் கிடைக்கும் லாபத்தைக் கூட்டப் பார்ப்பான். கப்பலில் அதே இடத்தை அடைக்கிற வண்டி, ஆனால் விலை இரண்டு மூன்று மடங்கு. அப்புறம் 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைக்க அமெரிக்காவும் ஜப்பானும் வேறு சில நாடுகளும் செய்துகொண்ட பிளாஸா ஒப்பந்தம் வந்தது. யென்னின் மதிப்பு வேகமாக ஏறியது. மலிவு விலைக் காரை ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்பது நாளுக்கு நாள் கையைக் கடித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இளைஞராக இருந்தபோது கொரோலா வாங்கிய அமெரிக்கர்களுக்கு இப்போது வயதும் வருமானமும் கூடிவிட்டன. அடுத்து வாங்க டொயோட்டாவிடம் பெரிய கார் இல்லாததால் அவர்கள் ஜெர்மன் கார்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டொயோட்டாவுக்குப் பழைய சூடும் ஒன்று இருந்தது. 1958இல் கிரவுன் என்ற காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், அந்த நாட்டு நெடுஞ்சாலை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அது திணறி, விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் இரண்டாவது முறை அவசரப்படவில்லை.

அந்த முதல் காரை எப்படி உருவாக்கினார்கள்?

காரின் பெயர் எல்.எஸ். 400. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி. (மாருதி சுசுகிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ஜப்பானில் சுசுகி என்பது நம்மூர் குமார் மாதிரி, எங்கும் இருக்கும் பெயர்.)

சுசுகி வைத்த இலக்குகளைப் பார்த்ததும் அவருடைய ஆட்களே திகைத்தார்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் போக வேண்டும். ஆனால் அமெரிக்காவில் அதிகம் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்கான தனி வரியில் மாட்டாமல், காலனுக்கு 22.5 மைல் கொடுக்க வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர். எட்டு சிலிண்டர் எஞ்சின் வேண்டும், ஆனால் எடை ஏறக் கூடாது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், ஆனால் பார்க்க விளையாட்டுக் கார் மாதிரி இருக்கக் கூடாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே 58 டெசிபலுக்கு மேல் சத்தம் கேட்கக் கூடாது. அன்றைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ இரண்டையும் விட அது குறைவு.

ஒவ்வொரு இலக்குக்கும் நடுவில் ஓர் ‘ஆனால்’ இருக்கிறது பாருங்கள். வேலையே அதில்தான் இருந்தது. காரை அமைதியாக்கச் சுலபமான வழி, பஞ்சும் ரப்பரும் வைத்து அடைப்பது. அடைத்தால் எடை கூடும். எடை கூடினால் மைலேஜ் போகும், வேகமும் போகும். அதனால் சத்தத்தை அடைக்க வேண்டாம், அது பிறக்கிற இடத்திலேயே நிறுத்துங்கள் என்றார் சுசுகி. எஞ்சினுக்குள் சுழலும் பாகங்கள் இன்னும் துல்லியமாக இருந்தால் அதிர்வே பிறக்காது, அதிர்வு இல்லாவிட்டால் அடைக்க வேண்டியதும் இல்லை. தொழிற்சாலைக்காரர்கள் அந்தத் துல்லியத்தில் ஆயிரக்கணக்கில் செய்ய முடியாது என்றார்கள். சரி, ஒன்றே ஒன்று செய்துகாட்டுங்கள் என்றார். செய்து, ஓட்டிப் பார்த்த பிறகு, முடியாது என்று சொன்னவர்களே அதை ஆயிரக்கணக்கில் செய்யும் வழியைத் தேடப் போனார்கள். முழுக்க அலுமினியத்தில் வார்த்த 4 லிட்டர் வி8 எஞ்சின், 250 குதிரைத் திறன், காற்றுத் தடை எண் (குறையக் குறைய நல்லது) 0.29 என்று முடிந்தது.

சுமார் 1,400 பொறியாளர்கள், 2,300 தொழில்நுட்பப் பணியாளர்கள், ஏறக்குறைய 450 மாதிரிக் கார்கள், நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. டொயோட்டா சொல்லும் கணக்கு இது. 1985இல் ஒரு குழு கலிஃபோர்னியாவின் லகுனா பீச்சில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி, வசதியான அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள், காரில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டது. கடற்கரை வீட்டில் உட்கார்ந்து பணக்காரர்களைக் கவனிப்பது சம்பளத்துக்கான வேலை. கொடுத்துவைத்தவர்கள்.

லெக்ஸஸ் என்றால் என்ன அர்த்தம்?

ஒன்றுமில்லை. ‘அமெரிக்காவுக்கான சொகுசு ஏற்றுமதி’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் என்று ஒரு கதை உலாவுகிறது. யாரோ பிறகு பொருத்திய கதை அது.

ஒரு பெயரிடும் நிறுவனம் 219 பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. வெக்ட்ரே, வெரோன், காலிபர் எல்லாம் அதில் இருந்தன. முன்னால் நின்ற பெயர் அலெக்ஸிஸ். ஆனால் அது ஒரு பெண்ணின் பெயர், போதாக்குறைக்கு அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்ட தொடர் ஒன்றின் வில்லிக்கும் அதே பெயர். முதல் எழுத்தை வெட்டி, கடைசியைத் திருத்தி லெக்ஸஸ் ஆக்கினார்கள். உடனே லெக்ஸிஸ் என்ற சட்டத் தகவல் சேவையை நடத்தியவர்கள் பெயர் குழப்பம் வரும் என்று வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. 1989 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. கார் ஷோரூமுக்கு வர ஆறே மாதம் இருந்த நேரம் அது.

பானெட் மேல் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கிய விளம்பரம் நிஜமா, தில்லுமுல்லா?

நிஜம்தான். ஷாம்பெய்ன் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கிவிட்டு, சக்கரங்களை மணிக்கு 145 மைல் வேகம் வரை, அதாவது 230 கிலோமீட்டருக்கு மேல் சுழலவிட்டார்கள். ஒரு கோப்பை அசையவில்லை. ஆனால் கார் நின்ற இடத்திலேயே நின்றது. சக்கரங்கள் உருளைகள் மேல் சுற்றின. ஆகவே அந்த விளம்பரம் எஞ்சினுக்கு அதிர்வு இல்லை என்பதைக் காட்டியது. மேடுபள்ளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சுசுகி பாடுபட்டது அந்த அதிர்வுக்காகத்தான் என்பதால், அரை நிமிடத்தில் பொறியியலைப் புரியவைத்த விளம்பரம் என்று நான் சொல்வேன்.

விலையைக் குறைத்து விற்றதால்தானே ஜெயித்தார்கள்?

பாதி உண்மை. 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் காட்டி, செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது எல்.எஸ். 400 காரின் விலை 35,000 முதல் 38,000 டாலருக்குள். எட்டு சிலிண்டர் பென்ஸ் 60,000 டாலரைத் தாண்டியிருந்தது. அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று ஜெர்மனியிலிருந்து முணுமுணுப்பு எழுந்தது.

ஆனால் வெறும் மலிவு மட்டும் சொகுசுச் சந்தையில் எடுபடாது. பெரிய காரை மலிவாகத் தேடுகிறவருக்கு அமெரிக்கக் கார்களே நிறைய இருந்தன. லெக்ஸஸை வாங்கியவர், காசு மிச்சம் என்பதற்காக வாங்கினேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பென்ஸை விட அமைதி, பெயிண்டும் கதவு இடைவெளியும் அதைவிடச் சுத்தம், ஒர்க்‌ஷாப்பில் நிற்பதே இல்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. 1989இன் மிச்ச மாதங்களில் அமெரிக்காவில் 16,000 கார்களுக்கு மேல் போயின, அடுத்த வருடம் 63,000க்கு மேல். 1991இல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் வெளிநாட்டுச் சொகுசு பிராண்ட் லெக்ஸஸ்.

முதல் ரீகால் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் அந்த நேரத்தில் அது ஒரு கண்டம்.

குறையே இல்லாத கார் என்று சொல்லி விற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 1989 டிசம்பரில் இரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து புகார். ஒன்று, பின்னால் உயரத்தில் இருக்கும் பிரேக் விளக்கு அதிகமாகச் சூடாகிறது. மற்றொன்று, வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலில் பழுது. இரண்டே புகார்தான். அடுத்த கார்களில் சரிசெய்துவிட்டு மிச்சத்தை சர்வீஸுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால், அன்றைய வழக்கப்படி யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

விற்ற கார்கள் அத்தனையையும், ஏறக்குறைய 8,000, திரும்ப அழைத்தார்கள். அழைத்தார்கள் என்பதைவிட, தேடிப் போனார்கள் என்பது சரி. வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, அவர் வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ காரை எடுத்துப்போய், பழுதை நீக்கி, கழுவித் துடைத்து, டேங்கை நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது நாடு முழுக்க இருந்ததே 81 டீலர்கள்தான். பக்கத்தில் டீலர் இல்லாத ஊர்களுக்கு மெக்கானிக்குகளை விமானத்தில் அனுப்பி, அங்கேயே வாடகைக்கு இடம் பிடித்து வேலையை முடித்தார்கள். மொத்தம் 20 நாள்.

வாங்கியவர் ஊரெல்லாம் சொன்னது எதை? பிரேக் விளக்கை இல்லை. கழுவி, பெட்ரோல் போட்டுத் தந்த கதையை. விளம்பரத்துக்குக் கோடிகள் கொட்டினாலும் வாங்க முடியாத பேச்சு அது. இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. ஒரு கார்கூட வருவதற்கு முன்பே, 1987இல், டேவ் இல்லிங்வர்த் என்ற அமெரிக்க அதிகாரி, வாடிக்கையாளரை வீட்டுக்கு வந்த விருந்தாளி போல நடத்துவோம் என்று ஓர் உறுதிமொழி எழுதி, டீலர்களை அதில் கையெழுத்திட வைத்திருந்தார். அப்படிப்பட்ட தாள்கள் எல்லா நிறுவனங்களிலும் சுவரில் தொங்கும். இங்கே அதற்குப் பரீட்சை சீக்கிரமே வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹோண்டாவின் அக்யூரா முன்னாலேயே வந்ததே, அது ஏன் பின்தங்கியது? நிஸானின் இன்ஃபினிட்டி?

அக்யூரா 1986இலேயே வந்துவிட்டது. ஜப்பான்காரர்களிடமிருந்து விலை உயர்ந்த காரை அமெரிக்கர்கள் வாங்குவார்கள் என்று நிரூபித்த பெருமை அதற்கே. ஆனால் அதன் பெரிய காரான லெஜெண்டுக்கு ஆறு சிலிண்டர்தான், முன்சக்கர இழுப்பு. நல்ல கார், ஆனால் பென்ஸின் பெரிய காரான எஸ் கிளாஸுக்கு எதிரே நிறுத்த முடியாது.

இன்ஃபினிட்டி 1989 நவம்பரில், லெக்ஸஸுக்கு இரண்டு மாதம் பின்னால் வந்தது. அதன் பெரிய காரான கியூ45 ஓட்டுவதற்கு எல்.எஸ். காரைவிடச் சுவாரசியமானது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் முதல் விளம்பரங்களில் காரையே காட்டவில்லை. பாறை, மரம், தண்ணீர், ஜென் தத்துவம். பாறை நன்றாக விற்கிறது, கார்தான் விற்கவில்லை என்று அமெரிக்காவில் கிண்டல் செய்தார்கள். ஒருவர் கோப்பைக் கோபுரத்தைக் காட்டிய அதே நேரத்தில் இன்னொருவர் கூழாங்கல்லைக் காட்டினால் யாருக்குக் கூட்டம் சேரும்?

ஈ.எஸ். 250 என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது. டொயோட்டாவின் கேம்ரி காருக்குக் கோட்டு சூட்டு போட்டது. ஒரே மாடலை வைத்து டீலர் கடை நடத்த முடியாது என்பதற்காக அவசரமாகச் செய்தது. அதன் அடுத்த தலைமுறை ஈ.எஸ். 300 தான் உருப்படியானது.

எப்போது முதலிடத்துக்கு வந்தார்கள்?

நடுவில் ஒரு கண்டத்திலிருந்து தப்பினார்கள். 1995 மே மாதம் கிளின்டன் அரசு, ஜப்பான் தன் சந்தையைத் திறக்கவில்லை என்று சொல்லி, 13 ஜப்பான் சொகுசு மாடல்களுக்கு 100 சதவீத வரி போடப்போவதாக அறிவித்தது. லெக்ஸஸ் கார்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. காலக்கெடு முடிகிற ஜூன் 28 அன்றுதான் உடன்பாடு ஏற்பட்டது.

உண்மையான தாவல் 1998இல் ஆர்.எக்ஸ். 300 வந்தபோது. அதுவரை எஸ்.யு.வி. என்றால் லாரிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த, குலுங்குகிற வண்டி. ஆர்.எக்ஸோ சாதாரணக் காருக்குரிய அடிக்கட்டமைப்பில், உயரமான இருக்கையுடன் வந்தது. பள்ளிக்குப் பிள்ளைகளை விடுகிற அம்மாக்களுக்கும் பிடித்தது, முதுகுவலிக்காரர்களுக்கும் பிடித்தது. இன்று தெருவெங்கும் திரிகிற சொகுசு கிராஸ்ஓவர்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் அது. 2003இல் ஜப்பானுக்கு வெளியே, கனடாவின் கேம்பிரிட்ஜில் தயாரான முதல் லெக்ஸஸும் ஆர்.எக்ஸ். தான். 2005இல் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் அதன் ஹைபிரிட் வந்தது. 2000 தொடங்கி 2010 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற சொகுசு பிராண்ட் என்ற இடம் லெக்ஸஸிடமே இருந்தது. 2011இல் ஜப்பானின் நிலநடுக்கமும் சுனாமியும் உற்பத்தியை முடக்க, பி.எம்.டபிள்யூ முந்திவிட்டது.

தவறே செய்யாத பிராண்டா இது?

இல்லை. 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்ஸஸ் ஈ.எஸ். 350 கட்டுப்பாடிழந்து நான்கு பேர் இறந்தார்கள். பொருந்தாத ரப்பர் கால்மிதியில் ஆக்ஸிலரேட்டர் மிதி சிக்கிக்கொண்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. அதைத் தொடர்ந்து டொயோட்டா லட்சக்கணக்கில் ரீகால் செய்தது. நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா 2010இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வந்து மன்னிப்புக் கேட்டார். பாதுகாப்புக் குறை பற்றி மக்களுக்குத் தவறான தகவல் தந்ததாக எழுந்த வழக்கை முடிக்க 2014இல் 120 கோடி டாலர் கட்டினார்கள். இரண்டு புகாருக்கு 8,000 காரைத் தேடிப்போனவர்கள், இருபது வருடத்தில் இந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதை லெக்ஸஸ் ரசிகர்கள் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

ரொம்ப உழைக்கும் என்கிறார்களே, பழைய எல்.எஸ். 400 வாங்கலாமா?

1996ஆம் வருட எல்.எஸ். 400 ஒன்று அமெரிக்காவில் 2017இல் பத்து லட்சம் மைலைத் தாண்டியது. பதினாறு லட்சம் கிலோமீட்டர். அதனால் எல்லா வண்டியும் அப்படி ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் வாங்குவதாக இருந்தால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பவர் ஸ்டீயரிங் பம்ப் கசிந்தால் எண்ணெய் நேரே கீழே இருக்கும் ஆல்டர்னேட்டர் மேல் சொட்டும், அதையும் குனிந்து பாருங்கள். டேஷ்போர்டில் முள் மங்கியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

லெக்ஸஸ் என்றால் போரடிக்கும் என்கிறார்களே?

அதை லெக்ஸஸே ஒத்துக்கொண்டது. 2011இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் கார் ரசிகர்களும் விமர்சகர்களும் இருந்த இடத்தில், உங்கள் கார் போரடிக்கிறது என்று அகியோ டொயோடாவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவரும் ரேஸ் ஓட்டுகிறவர், சுருக்கென்று தைத்திருக்கும்.

சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, பழுது இல்லை. இல்லை என்பதையே பெருமையாக அடுக்கிக்கொண்டு வந்தால், ஒருநாள் என்னதான் இருக்கிறது என்ற கேள்வி வரும். முதல் காரை உயர்த்திய அதே அமைதிதான் இருபது வருடம் கழித்து அந்தக் குற்றச்சாட்டாகத் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் நடு இடுங்கிய அந்தப் பெரிய முகப்பு கிரில் எல்லா மாடல்களிலும் வந்தது. நெசவு நூல் சுற்றும் கதிர் போன்ற வடிவம். டொயோட்டா குடும்பம் தறி செய்யும் தொழிலிலிருந்து வந்தது என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இன்றுவரை அது கண்ணுக்குப் பழகவில்லை.

இதற்கு நேர் எதிரான காரை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் விசேஷம். எல்.எஃப்.ஏ., 2010 முதல் 2012 வரை 500 கார்கள் மட்டும். கார்பன் இழை உடல், 4.8 லிட்டர் வி10 எஞ்சின், அமெரிக்காவில் 3,75,000 டாலர். எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றை 0.6 நொடியில் எட்டிவிடும், சுற்றைக் காட்டும் சாதாரண முள்ளால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது என்று டிஜிட்டல் திரை வைத்தார்கள். எஞ்சினில் கைகோத்த யமஹா இசைக்கருவியும் செய்கிற நிறுவனம். அந்த எஞ்சின் ஒலியைச் சுருதி சேர்த்தது போல அமைத்திருக்கிறார்கள். 58 டெசிபலுக்காகத் தூக்கம் கெட்ட கம்பெனி, இந்த முறை சத்தத்துக்காகத் தூக்கம் கெட்டது.

இந்தியாவில் எப்போது வந்தது?

2017 மார்ச்சில். 2020இல் ஈ.எஸ். 300எச் காரைக் கர்நாடகத்தில் பிடதி தொழிற்சாலையில் பூட்டத் தொடங்கினார்கள். இறக்குமதி வரியைப் பார்த்தால் அதைத் தவிர வேறு வழி இல்லை.

மின்சாரக் கார் காலத்தில் லெக்ஸஸ் என்ன செய்யும்?

விற்பனை குறையவில்லை. 2023இல் உலகம் முழுக்க 8 லட்சத்துக்கு மேல் விற்றது, அதுவரை இல்லாத உச்சம். எல்.சி. 500 காரை வடிவமைத்த தலைமைப் பொறியாளரும் பிறகு லெக்ஸஸின் தலைவராக இருந்தவருமான கோஜி சாட்டோ, அதே வருடம் டொயோட்டாவுக்கே தலைவரானார். 2035க்குள் முழுக்க மின்சாரத்துக்கு மாறுவது என்று ஓர் இலக்கையும் அறிவித்திருந்தார்கள்.

ஆனால் கையில் இருந்த பெரிய சீட்டு போய்விட்டது என்று நினைக்கிறேன். பேட்டரிக் காரில் எஞ்சின் அதிர்வு என்ற பேச்சே கிடையாது. சுசுகியின் ஆட்கள் ஆறு வருடம் போராடிப் பிடித்த அந்த அமைதி, இன்று சீனாவில் நடுத்தர விலைக்கு விற்கிற வண்டியிலேயே வந்துவிடுகிறது. முதல் மின்சார மாடல் யு.எக்ஸ். 300ஈ, அப்புறம் ஆர்.இசட். 450ஈ இரண்டும் பெரிதாக எதையும் அசைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் டொயோட்டா வேறொரு முடிவை அறிவித்தது. லெக்ஸஸ் மின்சாரக் கார்களை உருவாக்கவும் தயாரிக்கவும் ஷாங்காயின் ஜின்ஷான் பகுதியில் தனக்கே சொந்தமான ஒரு நிறுவனம், 2027 முதல் உற்பத்தி. பணக்கார வாடிக்கையாளரைப் பக்கத்திலிருந்து பார்க்க 1985இல் லகுனா பீச்சில் வீடு பிடித்தார்கள். இந்த முறை வீடு ஷாங்காயில்.